அட்டைப்பெட்டி இரவு

கோடை வந்தால் இலுலிசாட்டில்
சூரியன் வீட்டுக்குப் போவதில்லை.
இரண்டு மாதம்
விரிகுடாவின் பனிப்பாறைகளைச் சுற்றிச் சுற்றி வரும்,
சங்கிலியில் கிடக்கும் சறுக்குவண்டி நாய்
முளையைச் சுற்றுவதுபோல.

மண் கப்பலில் வந்தது.
நாற்பது லிட்டர் மூட்டை, டென்மார்க் முத்திரை.
எங்களிடம் பாறை உண்டு, பாசி உண்டு,
கீரைக்கென்று யாரும் மண் வைத்திருக்கவில்லை.
மூன்றாம் மாடிக்கு நானும் துக்குமெக்கும்
ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினோம்.
அந்த வசந்தத்தில் நாங்கள்
சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தெர்மாகோல் பெட்டி.
காய்ச்சிய ஆணியால் அடியில் ஒன்பது ஓட்டை.
எத்தனை கழுவியும் ஹாலிபட் வாடை போகவில்லை.
பசலைக்கு மூக்கில்லை, போடு, என்றாள்.
முளைத்தது.

முளைத்த பிறகுதான்
விதை உறையின் பின்பக்கத்தைப் படித்தோம்:
பகல் நீண்டால் பூத்துவிடும்,
பூத்தால் இலை கசக்கும்.
பகல் நீண்டால்!
சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

ஆகவே ஓர் இரவு செய்தோம்.
குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி,
உள்ளே கறுப்புக் குப்பைப் பை.
மாலை ஆறுக்கு நான் வந்து கவிழ்ப்பேன்.
காலை ஆறுக்கு அவள்
இறால் பிரிவிலிருந்து வந்து நிமிர்த்துவாள்.
எங்கள் வீட்டில் இரவு என்பது
நான் போட்டு அவள் எடுக்கும் சாமான்.

படியில்தான் பார்த்துக்கொள்வோம்.
"மூடிவிடு."
"ம்."
"திறந்துவிடு."
"ம்."
ஒரு கல்யாணத்துக்கு
இவ்வளவு பேச்சு போதும் என்றிருந்தேன்.

ஜூனில் சண்டை.
எதற்கென்று கேட்காதீர்கள்:
படகு மோட்டார்க் கடன்,
அதற்குள் அவள் அண்ணன்.
காசிகியாங்குயிட்டில் அக்கா வீட்டுக்குப் படகேறிவிட்டாள்.
அன்று மாலை கவிழ்த்தேன்.
மறுநாள் வந்தால் மூடியபடியே இருந்தது.
நல்லது, ஒரு வேலை மிச்சம்.
நிமிர்த்துவது என் வேலை அல்லவே.

ஐந்தாம் நாள் தூக்கிப் பார்த்தேன்.
பசலைக்கே பசலை படர்ந்திருந்தது.
வெளுத்து, இழுபட்டு, கழுத்துத் துவண்டு,
எல்லாத் தலைகளும் ஒரே பக்கம்.
மூலையில் ஒட்டு விட்டுப்போன இடத்தில்
ஒரு மயிரிழை வெளிச்சம்,
அதைப் பார்த்து.

படமெடுத்து அனுப்பினேன்.
எழுத ஒன்றும் தோன்றவில்லை.
பதில் வந்தது: "முட்டாள். இனி மூடாதே."

மூடவில்லை.
நிறம் திரும்பியது, நிறத்தோடு அவசரமும்.
பத்தே நாளில் தண்டு ஓங்கி உச்சியில் பூ.
அப்போதுதான் தெரிந்தது
இதில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறாம்.
இலையாய் இருந்தவரை
எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன.
மகரந்தத்துக்குக் காற்று வேண்டும்.
ஜன்னலைத் திறந்தால் கொசு.
முழங்காலிட்டு
நானே ஊதினேன்.

ஊதும்போது கதவு திறந்தது.
தோள்பையோடு நின்றாள்.
"என்ன செய்கிறாய், அக்கலுக்?"
கன்னம் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு
எப்படிச் சொல்வது?

கசந்த இலை பதினொன்றை
மீனோடு வெண்ணெயில் வதக்கினோம்.
அவள் முகம் சுளித்தாள், நானும்.
தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் முள் முள்ளாய் விதைகள்.
அதற்குள் ஊருக்கு அதன் இருட்டு வந்துவிட்டிருந்தது,
அட்டைப்பெட்டி மடிந்து கட்டிலுக்கடியில்.
பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடேன் என்றேன்.
பார்க்கலாம் என்றாள்,
மேசை விளக்கடியில் குனிந்து.
இருபத்தாறு, இருபத்தேழு...
பேசாதே, எண்ணிக்கை தப்பும்.